மூன்றாவது கூடை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் பழக்கம் இப்போதுதான் நம் தெருக்களில் மெல்ல மெல்லப் படிந்துவருகிறது. ஆனால் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இரண்டு கூடையோடு நிற்கவில்லை. மூன்றாவதாக வீட்டு அபாயக் கழிவு என்று ஒன்றையும் தனியே பிரிக்கச் சொன்னது. பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, சிஎஃப்எல் பல்பு, ட்யூப்லைட், காலாவதியான மருந்து, உடைந்த தெர்மாமீட்டர், தீர்ந்துபோன பேட்டரி, போட்டு முடித்த ஊசி எல்லாம் இதில் அடக்கம். இவற்றைப் பெற்றுக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் அமைக்க வேண்டும், அது திறந்திருக்கும் நேரத்தை உள்ளாட்சி அமைப்பு அறிவிக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்லின. கணக்குப் போட்டுப் பார்த்தால் 426 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சென்னை மாநகராட்சிக்கு 22 மையங்கள், 257 சதுர கிலோமீட்டர் கோவைக்கு 13, 148 சதுர கிலோமீட்டர் மதுரைக்கு 8 வருகின்றன. வாசகர்களில் எத்தனை பேருக்குத் தம் பகுதி மையத்தின் முகவரி தெரியும்? தெரியாதவர்கள் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் மக்காத குப்பையோடு சேர்த்துப் போடுகிறார்கள். அங்கே அதைக் கிளறிப் பிரிப்பது தூய்மைப் பணியாளரின் கை.

மையங்கள் முறையாக நடக்கும்வரை வீட்டில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம். இந்தப் பொருள்களுக்கு ஒரு வசதி உண்டு: அழுகாது, நாறாது. மீன் கழுவிய கழிவுபோல அன்றைக்கே வெளியேற்ற வேண்டிய அவசரம் இல்லை. ஆகவே முதல் வேலை, மூடி இறுகப் பொருந்தும் ஒரு பழைய பெயின்ட் வாளியை எடுத்து, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வைப்பது. அதற்குள்ளேயும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டக் கூடாது. ஊசிக்குத் தனிப் புட்டி, பாதரசம் உள்ளவற்றுக்குத் தனி ஜாடி. பேட்டரி அந்த வாளிக்குள்ளேயே வரக் கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் பாதரசம். சிஎஃப்எல் பல்பு ஒன்றில் இருப்பது 5 மில்லிகிராமுக்குள். பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரிலோ அரை கிராமிலிருந்து ஒரு கிராம்வரை இருக்கும். அதாவது ஒரு தெர்மாமீட்டர் உடைவது குறைந்தது நூறு பல்பு உடைவதற்குச் சமம். தாத்தா காலத்து ரத்த அழுத்தக் கருவி பரணில் கிடந்தால், அதில் சுமார் 100 கிராம் இருக்கக்கூடும். அதைக் கழற்றிப் பார்க்கவே வேண்டாம். தெர்மாமீட்டரைக் குழந்தை கடித்துவிட்டால் வீடே அலறுகிறது. மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான், உடைந்த கண்ணாடியும் வாயில் இருக்கும் அல்லவா. ஆனால் விழுங்கிய உலோகப் பாதரசத்தைக் குடல் பெரும்பாலும் உறிஞ்சுவதில்லை, அப்படியே வெளியேறிவிடும். உண்மையான ஆபத்து, கட்டிலுக்கடியில் உருண்டோடிய மணிகள் மாதக்கணக்கில் ஆவியாகி மூச்சில் கலப்பதுதான். அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

உடைந்துவிட்டால் குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மோதிரம், வளையல், தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பாதரசம் தங்கத்தோடு உடனே கலக்கும், நகை வெளுத்துப்போகும். துடைப்பம் எடுக்கவே கூடாது. பெருக்கினால் ஒரு மணி நூறு மணியாகச் சிதறும், அந்தத் துடைப்பம் நாளைக்கு மற்ற அறைகளுக்கும் போகும். வேக்குவம் கிளீனர் அதைவிட மோசம். சூடான காற்றோடு ஆவியை வீடு முழுக்க ஊதிவிடும். கையுறை போட்டுக்கொண்டு, கெட்டியான இரண்டு கல்யாணப் பத்திரிகை அட்டைகளால் மணிகளை மெல்லத் தள்ளி ஒன்றுசேருங்கள். தொட்டுக்கொண்டதும் அவை தாமாகவே ஒட்டிப் பெரிய மணியாகும். ஊசி கழற்றிய சிரிஞ்சால் உறிஞ்சி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிப் புட்டிக்குள் விடுங்கள். தண்ணீருக்கடியில் இருந்தால் ஆவி எழும்புவது குறையும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், பாதரசம் அதை அரித்துவிடும். பிறகு விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள். கண்ணுக்குத் தப்பிய துளிகள் மினுங்கும். அவற்றை செல்லோடேப்பால் ஒற்றி எடுத்து அந்த டேப்பையும் புட்டிக்குள் போடுங்கள். மொசைக் தரையின் இடுக்குகளில் போனதை எடுக்க முடியாது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கந்தகத் தூளை அந்த இடுக்கில் தேய்த்துவிட்டால் மெதுவாகப் பிணைந்துகொள்ளும். மறுநாள் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியையும் அதே புட்டியில் சேர்த்துவிடலாம். பாதரசம் பட்ட உடையை வாஷிங் மெஷினில் போட்டால் மெஷினும் கெடும், சாக்கடைக்கும் போகும்.

சிஎஃப்எல் பல்போ ட்யூப்லைட்டோ உடைந்தால் இவ்வளவு பாடு இல்லை. அறையைவிட்டு வெளியேறிப் பத்துப் பதினைந்து நிமிடம் காற்றோடவிட்டு, அட்டையால் வழித்து, மிச்சத் தூளை டேப்பால் ஒற்றி, மூடியுள்ள ஜாடியில் போட்டால் போதும். உடையாத ட்யூப்லைட்டைக் குப்பைத்தொட்டிக்குள் நுழைக்க வேண்டும் என்பதற்காக இரண்டாக உடைப்பதுதான் நம் வழக்கம். அப்படிச் செய்யாமல், புதிய ட்யூப் வந்த அட்டை உறையிலேயே பழையதைச் செருகிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவையுங்கள். பாதரச விளக்குகள் மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வருபவை, ஆகவே மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுக்கலாம். காயலான் கடைக்கு வேண்டாம். கொடைக்கானலில் 2001-இல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை மூடப்பட்டதே, அந்த விவகாரம் வெடித்தது, மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்ததைக் கண்டுபிடித்த பிறகுதான். எடைக்குப் போட்ட கண்ணாடி எங்கே போகும் என்பதை எந்த ஊரைவிடவும் நாம் நன்றாகவே அறிந்திருக்க வேண்டும்.

அடுத்தது பேட்டரி. கடிகாரத்திலும் ரிமோட்டிலும் போடும் சாதாரண பென்சில் செல்லைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. சேர்த்துவைத்து ஒருமுறை கொடுத்தால் போதும். வெள்ளையாகப் பூத்திருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், அவ்வளவுதான். தலைவலி லித்தியம் பேட்டரிதான். கைபேசி, பவர் பேங்க் மட்டுமா? ப்ளூடூத் இயர்பட், டிரிம்மர், யூஎஸ்பி மின்விசிறி, குழந்தையின் ரிமோட் கார் என்று அது ஒளிந்திருக்கும் பொருள்கள் ஏராளம். அதன் உள்ளே நேர், எதிர்த் தகடுகளைப் பிரித்து வைத்திருப்பது தாளைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். குப்பை லாரியின் அமுக்கியிலோ குப்பைக் கிடங்கில் ஜேசிபியின் சங்கிலிக்கடியிலோ நசுங்கிப் படலம் கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிச் சூடேறும். அந்தச் சூடே அடுத்த வினையைத் தூண்டும், கடைசியில் பீய்ச்சியடிக்கும் நெருப்பு. சுற்றிலும் காய்ந்த அட்டை, பாலித்தீன். சென்னையின் பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலிலும் கோவையின் வெள்ளலூர்க் கிடங்கு 2024 ஏப்ரலிலும் எரிந்தபோது புகையைச் சுவாசித்தவர்களுக்குத் தெரியும், ஒரு கிடங்கு பற்றினால் அணைப்பது லேசுப்பட்ட காரியமல்ல என்று. அவற்றுக்கு மீத்தேன், கோடை வெயில் என்று பல காரணம் இருக்கலாம். எந்தப் பொறி முதலில் விழுந்தது என்று எரிந்து முடிந்த பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்காக நாமே பொறியை மூட்டைகட்டி அனுப்ப வேண்டுமா?

கொடுக்கும்வரை பேட்டரியின் இரண்டு முனைகளிலும் செல்லோடேப்போ இன்சுலேஷன் டேப்போ ஒட்டிவையுங்கள். சதுர வடிவ 9 வோல்ட் பேட்டரிக்கு இது கட்டாயம். இரண்டு முனையும் ஒரே பக்கம் இருப்பதால் ஒரு சாக்லேட் காகிதம், ஒரு சாவி, ஒரு ஸ்டீல் நார் குறுக்கே விழுந்தாலே பற்றிக்கொள்ளும். உப்பிப்போன கைபேசி பேட்டரியை அமுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை விடுவது, ஃப்ரிட்ஜில் வைப்பது மூன்றும் விபரீதம். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு, மண்சட்டியில் காய்ந்த மணலைப் பரப்பி அதன்மேல் வைத்து, பால்கனி நிழலில், துணிமணி பக்கத்தில் இல்லாதபடி வைத்து, அந்த வாரமே கைபேசிச் சேவை மையத்தில் ஒப்படையுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள், விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீதும் இறக்குமதி செய்பவர்மீதும் சுமத்தியிருக்கின்றன. பேட்டரியில் குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருப்பது அலங்காரத்துக்காக அல்ல. கடைக்காரர் ‘அதெல்லாம் வாங்குறதில்லங்க’ என்றால் அந்தப் படத்தைக் காட்டிக் கேளுங்கள்.

பொத்தான் பேட்டரி தனிக் கதை. பாடும் வாழ்த்து அட்டை, விளக்கெரியும் குழந்தைச் செருப்பு, எடை பார்க்கும் கருவி, கார் சாவி எல்லாவற்றிலும் இருக்கும். தீர்ந்துவிட்டது என்று நாம் தூக்கிப்போடும் பொத்தானிலும் மிச்ச மின்னழுத்தம் உண்டு. குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் அந்த இடத்தை அரித்துப் புண்ணாக்கிவிடும். வாழைப்பழம் கொடுத்துத் தள்ளிவிடலாம், நாளைக்கு வெளியே வந்துவிடும் என்று காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது. எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். ஒரு வயதைத் தாண்டிய குழந்தை என்றால், விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம். அரிப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடும். அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போடக் கூடாது. கழற்றிய பொத்தானின் இருபுறமும் டேப்பைச் சுற்றிவைப்பது பத்து விநாடி வேலை.

இன்வெர்ட்டர் பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈயத்துக்கு விலை இருப்பதால் கடைக்காரர்களே எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறார்கள். அமிலத்தைத் தெருச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு எடை போடுகிறவரிடம் மட்டும், நூறு ரூபாய் கூடத் தந்தாலும், கொடுக்காதீர்கள்.

சர்க்கரை நோயாளி இல்லாத வீடு அரிதாகிவிட்ட ஊரில் ஊசியைப் பற்றிப் பேசியாக வேண்டும். நாளுக்கு இரண்டு இன்சுலின் என்றால் ஒருவருக்கு ஆண்டுக்கு 730 ஊசி முனைகள். இவை பெரும்பாலும் பால் கவருக்குள் சுருட்டப்பட்டுக் குப்பைக்குப் போகின்றன. தூய்மைப் பணியாளருக்குத் தரப்படும் பருத்திக் கையுறையை இன்சுலின் ஊசி தடையின்றித் துளைக்கும். கல்லீரல் அழற்சி பி, சி, எச்ஐவி மூன்றும் ஊசிக் குத்து வழியே பரவக்கூடியவை. எனவே துணி துவைக்கும் திரவமோ ஃபினாயிலோ வந்த தடித்த பிளாஸ்டிக் புட்டியைக் காயவைத்து, ஊசி போட்ட கையோடு அதற்குள் விடுங்கள். மெல்லிய தண்ணீர்ப் புட்டி குத்திக்கொண்டு வெளியே நீட்டும், கண்ணாடி உடையும். பிறருக்குப் போட்ட ஊசியை மூடி மாட்ட முயலாதீர்கள், பல குத்து அப்போதுதான் நேர்கிறது. முக்கால் நிறைந்ததும் மூடியைத் திருகி, டேப் சுற்றி, ‘ஊசி’ என்று பெரிதாக எழுதி, வழக்கமாகப் போகும் மருத்துவமனையிலோ ரத்தப் பரிசோதனை நிலையத்திலோ கேளுங்கள். அவர்களிடம் மருத்துவக் கழிவு வண்டி வந்துபோகும். பழகிய நோயாளி என்றால் பலரும் மறுப்பதில்லை. யாருக்காவது குத்திவிட்டால், குத்திய இடத்தைப் பிதுக்கவோ வாயில் வைத்து உறிஞ்சவோ கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. இதைத் தெருவில் வரும் பணியாளரிடம் சொல்லிவையுங்கள். பலருக்கு யாரும் சொன்னதே இல்லை.

மாத்திரை, டானிக் எல்லாவற்றையும் கழிப்பறையில் போட்டு ஃப்ளஷ் செய்யும் பழக்கம் தவறு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்தை நீக்குவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஆன்டிபயாட்டிக் ஏரிக்கும் ஆற்றுக்கும் போய் அங்குள்ள கிருமிகளை மருந்துக்கு அடங்காதவையாகப் பழக்கிவிடும். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஃப்ளஷ் செய்யச் சொல்லியிருப்பது 17 மருந்துகளை மட்டும். ஃபென்டானில், மார்ஃபின், டிரமடால், டாபென்டடால், டயஸிபாம் போன்றவை அவை. வீட்டில் வேறொருவர் தவறி ஒன்றை விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து என்பதால் இந்த விலக்கு. மற்றதை வாளியில் சேர்த்துவைத்து ஒப்படைப்பதே முறை. அட்டையை மாத்திரையோடு முழுசாகத் தூக்கிப்போட்டால், குப்பையிலிருந்து பொறுக்கப்பட்டு மறுபடி யார் கைக்காவது போகலாம். கத்தரியால் குறுக்கே வெட்டிவிடுங்கள். கோழிக்கோட்டில் 2025-இல் கேரள அரசு வீடுவீடாகப் பழைய மருந்தைச் சேகரிக்கத் தொடங்கிய மாதிரி இங்கேயும் தொடங்குவதற்கு என்ன தடை என்று தெரியவில்லை. தெருவுக்கு இரண்டு மருந்துக் கடை இருக்கும் மாநிலம் இது.

கழிப்பறை கழுவும் ஆசிட், மீந்த ப்ளீச்சிங் பவுடர், தின்னர், மண்ணெண்ணெய் ஆகியவற்றில் மிகப் பெரிய தப்பு, இடத்தை மிச்சம் பிடிக்க ஒன்றோடொன்று கலப்பது. ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு. கதவு சாத்திய குளியலறையில் ஆள் மயங்கி விழப் போதுமானது. அடுத்த பெரிய தப்பு, கூல்டிரிங்க்ஸ் புட்டியில் ஊற்றிவைப்பது. குழந்தை தின்னரையோ மண்ணெண்ணெயையோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும், 108-ஐக் கூப்பிடுங்கள். இந்தத் திரவங்களைப் பொறுத்தவரை தூக்கிப்போடுவதைவிடத் தீர்த்துவிடுவது எளிது. கால் புட்டி ஆசிட் மீந்தால் அதன் வேலைக்கே பயன்படுத்துங்கள், அல்லது புட்டியை இறுக மூடி, லேபிளோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

எலி மருந்தில் ஒன்றைப் பற்றி எச்சரிக்கை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசைக்குத் தமிழ்நாட்டில் தடை வந்துவிட்டது. ஆனாலும் பழைய ட்யூப் பல வீடுகளில் பரண் மூலையில் கிடக்கிறது. அது கல்லீரலைச் சிதைக்கும், மாற்று மருந்து கிடையாது. பிதுக்கி வெளியேற்ற வேண்டாம், காற்றுப் பட்டுக் காய்ந்தால் தானே பற்றும். மூடியோடு ஒரு ஜாடிக்குள் வைத்து வாளியில் போடுங்கள்.

பெயின்ட் விஷயத்தில், தண்ணீரில் கரையும் எமல்ஷன் மீந்தால் மரத்தூளோ மணலோ கலந்து திறந்துவைத்துக் கட்டியாக்கிவிடலாம். எண்ணெய் கலந்த எனாமலை அப்படிச் செய்ய நாளாகும், மூடி வாளியிலேயே வையுங்கள். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பூசிய ஜன்னலை, ஈயத் தூசு பறக்காதபடி, உலரச் சுரண்டாமல் நனைத்துச் சுரண்டுங்கள். மரச்சாமானுக்குப் பூசும் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறிப் பற்றக்கூடும், விரித்துக் காயவிடுங்கள். போகியன்று இவற்றில் எதையும் கொளுத்த வேண்டாம் என்று ஆண்டுதோறும் சொல்கிறோம், ஆண்டுதோறும் எரிகிறது. பூச்சிமருந்து ஸ்ப்ரே டப்பா நெருப்பில் வெடிக்கும் என்பதையாவது நினைவில் வைத்தால் சரி.

மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அபாயக் கழிவைக் கையாளும் நிலையம் இருக்கிறது. வீட்டிலிருந்து அங்கே போய்ச்சேரும் வழிதான் அறுந்துகிடக்கிறது. குப்பை வாங்கத் தெருவுக்கு வரும், பேட்டரியில் ஓடும் வண்டி ஒவ்வொன்றிலும் மூடியுள்ள ஒரு சிறு பெட்டியை மாட்டி, மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் இவற்றை வாங்கினால் போதும், தினமும் தேவையில்லை. பணியாளருக்குப் பருத்திக் கையுறைக்குப் பதில் ஊசி துளைக்காத கையுறை வேண்டும். லித்தியம் பேட்டரியை மற்றதோடு கலக்காமல் வைக்க குப்பையைத் தரம்பிரிக்கும் வள மீட்பு மையத்தில் ஒரு மணல் தொட்டி வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் நிதி ஒதுக்க நாளாகலாம். விதிப்படி அறிவித்திருக்க வேண்டிய மையங்களின் முகவரியையும் திறந்திருக்கும் நேரத்தையும் வார்டு வாரியாகத் தருவதற்கு நிதி தேவையில்லை. அந்தப் பட்டியலை வாங்கித் தங்கள் நாளிதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். மையமே இல்லாத வார்டுகள் எவை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
கழிவுத் தரம்பிரிப்புப் பணியில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
சென்னை